எலும்புப்புரை மருந்தும் அதன் நாட்காட்டியும்: மாதவிடாய் நின்ற பெண்களுக்கான எளிய விளக்கம்

மாதவிடாய் நின்ற பெண்கள் நான்கு பேர் கூடி உடல்நலம் பற்றிப் பேசத் தொடங்கினால், 'எலும்பு மருந்து' என்ற சொல் வராமல் போகாது. ஒருவர் அதைக் கால்சியம் மாத்திரை என்ற பொருளில் சொல்வார். இன்னொருவர் முழங்கால் வலிக்குப் போடும் மாத்திரையைச் சொல்வார். மூன்றாமவருக்கு அது வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரை. நான்காமவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியை அதே பெயரால் அழைப்பார். பேச்சு தடையில்லாமல் ஓடும். நால்வரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசியதாக நினைத்துக்கொண்டே கலைவார்கள்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஒருவருடைய மருந்துக்குரிய அனுபவத்தை இன்னொருவர் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார். "நான் ஒரு வருடம் விட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது ஒரு மருந்தைப் பொறுத்தவரை உண்மையாக இருக்கலாம். மற்றொரு மருந்தை எடுப்பவர் அதைக் கேட்டு நடந்தால் முதுகெலும்பு அடுத்தடுத்து முறியக்கூடும். ஒவ்வொரு மருந்துக்கும் தனி நேரமும் தனி இடைவெளியும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதற்கான காரணம் புரிந்துவிட்டால், விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்தக் காரணங்களைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை ஆண்டு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

## முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம்

'எலும்புத் தேய்மானம்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தை. அது மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்ந்து, நடக்கும்போதும் படியேறும்போதும் வலிக்கும் நோய். இங்கே பேசப்போவது அதுவன்று. எலும்புப்புரை என்பது எலும்பின் உட்புறம் செறிவை இழந்து, துளைகள் பெரிதாகி, சிறு விழுதலிலும் முறியக்கூடிய நிலைக்கு வந்துவிடுவது. மருத்துவர்கள் இதை ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள்.

இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு வலிதான். மூட்டுத் தேய்மானம் வலித்துக்கொண்டே இருக்கும். எலும்புப்புரை, எலும்பு முறியும் நாள்வரை ஒரு சொல்கூடப் பேசாது. முதுகெலும்பில் ஏற்படும் முறிவுகளில் பல, முறிந்ததே தெரியாமல் நடந்துவிடும். உயரம் சில சென்டிமீட்டர் குறைந்திருப்பதையோ முதுகு கூன் விழுவதையோ வைத்துத்தான் பிறகு கண்டுபிடிப்பார்கள். முதுகெலும்போ வேறு எலும்போ, 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் எலும்புப்புரையால் முறிவு ஒன்றாவது நேர்கிறது. வலியே இல்லாத நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மருந்து எடுக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இந்த இடத்திலேயே உணர முடியும்.

## எலும்பு ஓயாமல் பழுதுபார்க்கப்படும் சுவர்

எலும்பைக் கல் போன்ற ஒன்றாக நினைக்கிறோம். அது உயிருள்ள பொருள். பெரிய பழைய கட்டடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் ஒரு குழுவினர் விரிசல் விட்ட செங்கற்களைத் தேடித் தேடிப் பெயர்த்து எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குழுவினர் வந்து, அந்தப் பள்ளத்தில் புதுச் செங்கல் வைத்துப் பூசுகிறார்கள். கட்டடம் வெளியே இருந்து பார்க்க அப்படியே இருக்கும். உள்ளே அது மெல்ல மெல்லப் புதிதாகிக்கொண்டே இருக்கும். நம் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

பெயர்த்தெடுக்கும் வேலையைச் செய்பவை 'எலும்பு அரிக்கும் செல்கள்'. பள்ளத்தை நிரப்புபவை 'எலும்பு கட்டும் செல்கள்'. ஒரு பள்ளத்தைப் பெயர்க்க இரண்டு மூன்று வாரங்கள் போதும். அதே பள்ளத்தை நிரப்ப மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இடிப்பது எளிது, கட்டுவது கடினம் என்பது இங்கேயும் உண்மையாக இருக்கிறது. எல்லா மருந்துகளின் தர்க்கமும் இந்த வேக வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

## மேற்பார்வையாளர் போன பிறகு

இளமையில் இடிப்பும் கட்டுதலும் சமமாக இருப்பதற்கு ஒரு காரணம் ஈஸ்ட்ரோஜன். இது சினைப்பைகள் சுரக்கும் பெண்மை ஹார்மோன். கட்டட வேலையில் இடிக்கும் குழுவைக் கட்டுக்குள் வைக்கும் மேற்பார்வையாளர் என்று அதைக் கொள்ளலாம். மாதவிடாய் நிற்கும்போது, பெரும்பாலோருக்கு 50 வயதையொட்டி, இந்த மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போய்விடுகிறார்.

இடிப்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. அவர்கள் நீண்ட நாள் வாழ்ந்து, பல இடங்களில் ஒரே நேரத்தில் பெயர்க்கிறார்கள். கட்டுபவர்களும் சும்மா இருப்பதில்லை, அவர்களும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஆனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மட்டும் சில பெண்கள் தங்கள் எலும்புச் செறிவில் 20 சதவீதம்வரை இழந்துவிடுவது இதனால்தான். பிறகு இழப்பு வேகம் குறையும், நிற்காது.

சுருக்கமாக: எலும்பு எப்போதும் இடிந்தும் கட்டப்பட்டும் வருகிறது. மாதவிடாய் நின்றதும் இடிப்பு முந்திக்கொள்கிறது. எலும்புப்புரை மருந்துகள் இடிக்கும் குழுவை அடக்குகின்றன, அல்லது கட்டும் குழுவைத் தூண்டுகின்றன.

## கால்சியம் ஏன் தனியாகப் போதாது

கால்சியம் செங்கல். வைட்டமின் டி அந்தச் செங்கல்லைக் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏற்றிவரும் வண்டி. இரண்டும் இல்லாமல் எந்தக் கட்டட வேலையும் நடக்காது. ஆனால் இடிக்கும் குழு கட்டுப்பாடின்றி ஓடிக்கொண்டிருக்கும்போது, வாசலில் செங்கல்லை மட்டும் கொண்டுவந்து குவிப்பதால் சுவர் நிற்குமா? எலும்புப்புரை உறுதியான ஒருவர், "நான் கால்சியம் எடுத்துக்கொள்கிறேனே" என்று சொல்லி உண்மையான மருந்தை நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி கேட்கும் தவறு. மனத்துக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறும் அதுதான். ஏனென்றால் அவர் அக்கறையில்லாதவர் அல்லர். தினமும் தவறாமல் ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். எடுப்பது போதாத மாத்திரை.

எதிர்த் தவறும் உண்டு. மருந்தை எடுத்துக்கொண்டு கால்சியத்தையும் வைட்டமின் டியையும் கைவிடுவது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். உணவிலேயே போதுமான அளவு கிடைத்தால் மாத்திரை தேவைப்படாமலும் போகலாம். ஊசி மருந்துகளில் சிலவற்றைப் போடும்முன் இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். குறைவாக இருக்கும்போது போட்டால் அது இன்னும் ஆபத்தாகக் குறைந்துவிடும்.

## வாரம் ஒரு மாத்திரையும் அந்த அரைமணி நேரமும்

பெரும்பாலோருக்கு முதலில் எழுதப்படுவது பிஸ்பாஸ்போனேட் என்ற வகை மருந்து. அலெண்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், ஐபாண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் அமிலம் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் பிறப்பில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. நீர்க் குழாய்களில் சுண்ணப் படிவு சேராமல் தடுக்கப் பயன்பட்ட வேதிப்பொருள்களின் உறவினர்கள் இவை. கால்சியம் படிகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் அந்தக் குணத்தை உடலுக்குள் பயன்படுத்த முடியுமா என்று 1960களில் சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷ் முதலியோர் ஆராயத் தொடங்கினார்கள். எலும்பும் கால்சியப் படிகம்தானே.

அந்த ஒட்டும் குணம் உடலுக்குள் நன்மையாகவும் தொல்லையாகவும் வேலை செய்கிறது. எலும்பை அடைந்துவிட்டால் மருந்து எலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. எலும்பை அரிக்க வரும் செல் அந்த இடத்தைக் கரைக்கும்போது மருந்தையும் சேர்த்து விழுங்கி, செயலிழந்து போகிறது. ஆனால் எலும்பை அடையும் வழியில் வயிற்றில் வேறு கால்சியம் இருந்தால்? மருந்து அதனுடன் ஒட்டிக்கொண்டு, உடலில் சேராமல் கழிவோடு வெளியேறிவிடும்.

மாத்திரையாக விழுங்கும் அலெண்ட்ரோனேட்டில், எல்லாம் சரியாகச் செய்தாலும் உடலில் சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கை வைத்துத்தான் மருந்தளவையே கணக்கிட்டிருக்கிறார்கள். காபியுடனோ ஆரஞ்சுச் சாற்றுடனோ விழுங்கினால் அந்தச் சிறு பங்கிலும் ஏறக்குறைய 60 சதவீதம் போய்விடும். சாப்பாட்டுடன் விழுங்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் பல மாதங்கள் ஒரு வாரம்கூடத் தவறாமல் மாத்திரை எடுத்தார், காலைக் காபியுடன். வேறு மாத்திரைகளையெல்லாம் அப்படித்தான் எடுத்துப் பழக்கம் என்றார். ஏன் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய ஒழுங்கில் பெரும்பகுதி வீணாகியிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆகவே முறை இதுதான். காலையில் எழுந்ததும், எதையும் உண்ணாமல் குடிக்காமல், ஒரு முழு டம்ளர் சாதாரணத் தண்ணீருடன், அதாவது ஏறக்குறைய 200 மில்லிலிட்டர், மாத்திரையை முழுதாக விழுங்க வேண்டும். கனிமச்சத்து மிகுந்த பாட்டில் நீரிலும் கால்சியம் இருக்கும், அது வேண்டாம். பால், தேநீர், காபி, சாறு எதுவும் கூடாது. குறைந்தது அரைமணி நேரம் கழித்துத்தான் உணவும் மற்ற மாத்திரைகளும். மாதம் ஒருமுறை எடுக்கும் ஐபாண்ட்ரோனேட்டுக்கு ஒரு மணி நேரம். கால்சியம், இரும்புச்சத்து, நெஞ்செரிச்சலுக்கான அமிலமுறி மாத்திரைகள் இவற்றை அந்த நாளில் மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளிவைப்பது இன்னும் பாதுகாப்பு. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில் எடுப்பவர்களுக்கு இங்கே ஒரு மோதல் வரும். இரண்டையும் சேர்த்து விழுங்காமல், எது முதலில், எவ்வளவு இடைவெளி என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதி: விழுங்கிய பிறகு அரைமணி நேரம் படுக்கக்கூடாது. உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். முதல் உணவை உண்ணும்வரை சாயாமல் இருப்பது நல்லது. காரணம் உணவுக்குழாய். இந்த மாத்திரை மெல்லிய சவ்வின் மேல் தங்கிவிட்டால் அதைப் புண்ணாக்கும். நிறையத் தண்ணீரும் நிமிர்ந்த உடலும் மாத்திரையை வேகமாக வயிற்றுக்குள் இறக்கிவிடும். மெல்லவோ சப்பவோ கூடாது என்பதும் இதற்காகவே. விழுங்கும்போது வலி, நெஞ்சு நடுவில் வலி, புதிதாக நெஞ்செரிச்சல் என்று எது வந்தாலும் அடுத்த மாத்திரையை எடுக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அரைமணி நேரம் நிமிர்ந்திருக்க முடியாதவர்களுக்கும், விழுங்குவதில் சிக்கல் உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரையே பொருத்தமில்லை. அவர்களுக்கு வேறு வழிகள் உள்ளன. இதே குடும்பத்தில் காலை உணவுக்குப் பின் எடுக்கும்படி தயாரிக்கப்பட்ட மாத்திரையும் உண்டு. எனவே உங்கள் மாத்திரைக்குரிய தாளை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

## ஒரு வாரம் மறந்துவிட்டால்

வார மாத்திரையை மறந்துவிட்டால், நினைவுக்கு வந்த நாளின் மறுநாள் காலையில் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வழக்கமான கிழமைக்கே திரும்பிவிடலாம். ஒரே நாளில் இரண்டு எடுத்து ஈடுகட்டக் கூடாது. நினைவு வந்த உடனேயே, சாப்பிட்ட வயிற்றில் அவசரமாக விழுங்குவதும் வேண்டாம். மேலே சொன்ன காரணத்தால் அது மாத்திரையைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

இந்த வகையில் ஒரு வாரம் தவறினால் பதறத் தேவையில்லை. எலும்பில் ஏற்கெனவே ஒட்டிய மருந்து அங்கேயே இருக்கிறது. துணியில் ஊறிய சாயம் ஒரு சலவையில் போகாதது போல. ஆனால் சாயம் ஏற வேண்டுமானால் துணி பலமுறை தோய்ந்திருக்க வேண்டும். முதல் சில மாதங்களிலேயே விட்டுவிட்டவரிடம் ஏறாத சாயம் எப்படி நிற்கும்?

## ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து

ஸோலெட்ரோனிக் அமிலத்தை ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள், குறைந்தது 15 நிமிடங்களில். வயிற்றின் பக்கமே போகாததால் காபி, பால் பற்றிய கவலை இல்லை. முதல்முறை ஏற்றியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, ஒன்றிரண்டு நாட்கள் காய்ச்சலும் உடல்வலியும் வரும். அது ஒவ்வாமை அன்று. மூன்று நாட்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும், அடுத்த ஆண்டுகளில் மிகவும் குறைந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாததால், "அந்த ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று இரண்டாம் ஆண்டு வராமல் போனவர்கள் பலர். போதுமான தண்ணீர் குடித்துவிட்டுப் போவதும், சிறுநீரகப் பரிசோதனையை முன்னதாகவே செய்துகொள்வதும் முக்கியம். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருப்பவர்களுக்கு இதைத் தர மாட்டார்கள்.

## ஆறு மாத ஊசி: நாள் தவறவே கூடாத மருந்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள் என்று சொல்வேன்.

டெனோசுமாப் என்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. இது எலும்பில் ஒட்டுவதில்லை. எலும்பை அரிக்கும் செல்கள் உருவாக வேண்டுமானால், 'வளருங்கள், வேலையைத் தொடங்குங்கள்' என்ற வேதிச் செய்தி ஒன்று அவற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். டெனோசுமாப் அந்தச் செய்தியை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால் இடிப்பு வேலை ஏறக்குறைய நின்றே போகிறது. மிக வலிமையான மருந்து. எலும்புச் செறிவும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வரும்.

இதை ஆற்றின் குறுக்கே மூடிய மதகு என்று எண்ணிக்கொள்ளுங்கள். மதகு மூடியிருக்கும்வரை கீழே வயல் நனையாது. ஆனால் மதகுக்குப் பின்னால் நீர் சேர்ந்துகொண்டே இருக்கிறது. எலும்பை அரிக்கும் செல்களாக மாறக் காத்திருக்கும் முன்னோடிச் செல்கள் அப்படித்தான் தேங்கி நிற்கின்றன. ஊசியின் விளைவு ஆறு மாதம் முடிந்ததும் வேகமாகத் தேய்கிறது. அடுத்த ஊசி வராவிட்டால் மதகு திறந்துகொள்ளும். மருந்தே எடுக்காத காலத்தில் இருந்ததைவிடவும் அதிக வேகத்தில் இடிப்பு நடக்கும். பல ஆண்டுகளில் சேர்த்த செறிவு ஓரிரு ஆண்டுகளிலேயே கரைந்துவிடும். சிலருக்கு அந்த வேகத்தில் முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களில் முறிகின்றன.

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது மருத்துவமனைக்குப் போக முடியாமல் பலருக்கு இந்த ஊசி தள்ளிப்போனது. எலும்பு நோய் வல்லுநர்களின் அமைப்புகள் அப்போது வெளியிட்ட அறிவுரை தெளிவாக இருந்தது: முந்தைய ஊசியிலிருந்து 7 மாதங்களைத் தாண்ட விடாதீர்கள், முடியாது என்றால் தற்காலிகமாகவேனும் பிஸ்பாஸ்போனேட் மாத்திரைக்கு மாறுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு மாதம்தான் அந்த மருந்து தரும் மன்னிப்பு.

ஆகவே இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர், அடுத்த தேதியைக் கையில் வாங்காமல் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. பயணம், வீட்டு விசேஷம், வேறு அறுவை சிகிச்சை என்று எது வந்தாலும் அந்தத் தேதியை ஒட்டியே திட்டமிட வேண்டும். ஏதோ காரணத்தால் இதை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், உரிய நேரத்தில் வேறொரு மருந்தைத் தொடங்கித்தான் நிறுத்த வேண்டும். அந்த வேறு மருந்து பெரும்பாலும் ஸோலெட்ரோனிக் அமிலமோ அலெண்ட்ரோனேட்டோ ஆக இருக்கும். மதகைத் திறக்கும்முன் வாய்க்காலை அடைத்து வைப்பது போன்ற ஏற்பாடு அது. 'எலும்புச் செறிவு ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது, இனி ஊசி எதற்கு' என்று தானாக நிறுத்துவதைப் போல ஆபத்தான முடிவு இந்த மருந்தில் வேறு இல்லை. ஸ்கேன் நன்றாக வந்ததே மதகு மூடியிருந்ததால்தான்.

சுருக்கமாக: பிஸ்பாஸ்போனேட் சாயம் போல எலும்பில் தங்குகிறது, எனவே ஒரு தவறுதலை மன்னிக்கும். டெனோசுமாப் மதகு போலத் தடுக்கிறது, எனவே தாமதத்தை மன்னிக்காது. அண்டைவீட்டுப் பெண் நிறுத்தியும் நலமாக இருக்கிறார் என்றால், முதலில் அவர் எடுத்தது எது என்று கேளுங்கள்.

## கட்டும் குழுவைத் தூண்டும் மருந்துகள்

மிகக் கடுமையான எலும்புப்புரை உள்ளவர்களுக்கு, கட்டும் செல்களையே தூண்டும் மருந்துகளைத் தருவார்கள். டெரிபாரடைடு தினமும் தாமே போட்டுக்கொள்ளும் ஊசி, வழக்கமாக இரண்டு ஆண்டுகள்வரை. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஊசிப் பேனாவை முதலில் பயன்படுத்தியதிலிருந்து 28 நாட்களில், மருந்து மிச்சமிருந்தாலும் மாற்ற வேண்டும். ரோமோசோசுமாப் மாதம் ஒருமுறை, 12 மாதங்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கிடையாது. இரண்டிலும் ஒரே பொது விதி: காலம் முடிந்ததும் பாதுகாக்கும் மருந்து ஒன்று தொடர வேண்டும். புதுச் சுவரைக் கட்டி, பூசாமல் மழையில் விட்டுப் போவதில்லை அல்லவா.

## 'எடுத்தும் ஒன்றும் தெரியவில்லையே'

இரத்த அழுத்த மாத்திரைக்கு அளவு பார்க்கலாம். வலி மாத்திரைக்கு வலி குறைவதைப் பார்க்கலாம். எலும்புப்புரை மருந்தின் பலன் என்பது நடக்காமல் போன ஒரு முறிவு. அதை யாரும் பார்க்க முடியாது. உலகெங்கும் மருந்துச்சீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இந்த மாத்திரைகளைத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுவது தெரியவந்தது. இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. எதையும் உணரமுடியாத மருந்தை எவ்வளவு நாள் நம்பிக்கையோடு எடுக்க முடியும்?

அதனால் பலனை எண்ணில் சொல்லிப் பார்க்கிறேன். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்த 2,000 பெண்களிடம் நடத்தி 1996இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டுகளில் மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த 100 பேரில் 15 பேருக்கு முதுகெலும்பில் புதிய முறிவு வந்தது. அலெண்ட்ரோனேட் எடுத்த 100 பேரில் அது 8. இடுப்பு எலும்பு முறிவும் பாதியாகக் குறைந்தது. அந்த 7 பேரில் தாமும் ஒருவர் என்பது எவருக்கும் தெரிந்திருக்காது. விட்டு விட்டு எடுத்தவர்களைப் பார்த்த ஆய்வுகளோ, எடுக்க வேண்டியதில் பாதிகூட எடுக்காதவர்களுக்கு முறிவைத் தடுப்பதில் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை என்று காட்டின.

எலும்புச் செறிவை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் 'டி ஸ்கோர்' என்ற எண் வரும். இளம் வயதில் இருக்கும் சராசரிச் செறிவிலிருந்து உங்கள் செறிவு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. மருந்து தொடங்கிய ஆறாம் மாதமே ஸ்கேன் எடுத்து, எண் மாறவில்லை என்று மனம் உடைவதில் பொருளில்லை. கட்டும் குழு எவ்வளவு மெதுவானது என்று பார்த்தோம். ஓராண்டு, இரண்டு ஆண்டு இடைவெளியில்தான் வேறுபாடு தெரியும். எண் ஏறாமல் அப்படியே நின்றிருந்தாலும் அது தோல்வி அன்று, இழப்பு நின்றிருக்கிறது. விரைவில் தெரிய வேண்டுமானால், இடிப்பின் வேகத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. மூன்று முதல் ஆறு மாதங்களில் அது மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லிவிடும். காபியுடன் விழுங்கும் தவறைக்கூட அது காட்டிக்கொடுக்கும்.

## தாடையும் தொடையும்: அச்சத்தின் அளவு

மருந்தை நிறுத்த வைக்கும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பல் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு ஆறாமல் போவது. இது உண்மையில் நடக்கும். ஆனால் புற்றுநோய்க்காக மிக அதிக அளவில் இந்த மருந்துகளை எடுப்பவர்களிடம்தான் பெரும்பாலும் காணப்படுகிறது. எலும்புப்புரைக்கான அளவில் மிக அரிது. பல் பிடுங்குதல் போன்ற வேலைகள் இருந்தால் மருந்து தொடங்கும்முன் முடித்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகு பல் மருத்துவரிடம் எந்த மருந்து, எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். பல் வேலைக்காக ஆறு மாத ஊசியைத் தானாகத் தள்ளிப்போட வேண்டாம். இரு மருத்துவர்களும் பேசித் தேதி பார்க்கட்டும்.

மற்றொன்று, நீண்ட ஆண்டுகள் எடுத்த சிலருக்குத் தொடை எலும்பின் நடுப்பகுதியில் வரும் வழக்கத்துக்கு மாறான முறிவு. இதுவும் அரிது. ஆனால் இது பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரிக்கும்: அடிபடாமலேயே தொடையிலோ கவட்டியிலோ வாரக்கணக்கில் நீடிக்கும் மந்தமான வலி. அப்படி வலித்தால் வயதின் கோளாறு என்று தைலம் தேய்த்துக் கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய், எடுத்துவரும் மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். இந்த அரிய முறிவு ஒன்றுக்கு ஈடாக, அந்த மருந்து தடுக்கும் வழக்கமான முறிவுகள் பல மடங்கு.

## மருந்துக்கு விடுமுறை யாருக்கு

சில பெண்களிடம் மருத்துவரே, "சில காலம் நிறுத்திப் பார்க்கலாம்" என்பார். ஐந்து ஆண்டுகள் மாத்திரையோ, மூன்று ஆண்டுகள் ஸோலெட்ரோனிக் அமிலமோ எடுத்து, முறிவு ஆபத்து குறைந்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். எலும்பில் ஊறிய சாயம் இன்னும் சில காலம் காக்கும் என்ற நம்பிக்கையில் தரும் இடைவெளி அது. அந்த நாட்களிலும் ஸ்கேனும் பரிசோதனையும் உண்டு. முதுகெலும்போ இடுப்போ ஏற்கெனவே முறிந்தவர்கள், டி ஸ்கோர் இன்னும் மிகத் தாழ்ந்திருப்பவர்கள் பத்து ஆண்டுகள்வரை தொடர வேண்டியிருக்கலாம். டெனோசுமாப்புக்கு விடுமுறை என்ற ஒன்றே இல்லை. ஏன் என்பது மதகை நினைத்தால் விளங்கும்.

## சீட்டை வாங்கும்போது

பழக்கமாக்குவதற்கு எளிய வழி, வார மாத்திரையை ஏற்கெனவே உள்ள ஒரு வேலையோடு கட்டிவிடுவது. குறிப்பிட்ட கிழமையில் காலை நடைக்குக் கிளம்பும்முன் மாத்திரை, திரும்பியதும் காபி. அரைமணி நேரமும் நிமிர்ந்திருந்ததாகவும் ஆயிற்று. ஆறு மாத ஊசிக்குச் செல்பேசியில் ஐந்தாம் மாதமே நினைவூட்டல் வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அந்தத் தேதியைச் சொல்லிவையுங்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். நரம்பில் ஏற்றும் வழி இருக்கிறது, தோலுக்கடியில் போடும் வழி இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால், அடுத்த ஸ்கேனில் எண் இறங்கியிருப்பதைப் பார்த்து, மருந்துதான் தோற்றுவிட்டது என்று மருத்துவர் தவறாக முடிவு செய்வார்.

மருந்துச்சீட்டைக் கையில் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது எலும்பில் தங்கும் மருந்தா, தங்காத மருந்தா? ஒரு தவணை தவறிவிட்டால் எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும்? இதை நிறுத்தும் நாளில் இதற்கு அடுத்து என்ன வரும்? மூன்றாவது கேள்வியை யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. கேளுங்கள், பதிலை அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.